அலைக்கு விட்ட சந்து

எங்கள் சங்கரன்கோவிலில் நின்றுகொண்டு கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவோம். அதற்கு மேல் எங்களுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேற்கே மலையிலிருந்து இறங்கி வந்து குளத்தில் உட்காருகிற தண்ணீர்தான். நிறைந்தால் மறுகால் பாயும், வற்றினால் உள்ளே மாடு மேயும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் வீட்டுக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், கடலோரத்து ரயில் பாதைக்குக் கல் வைக்கப் போனார். பாதை எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதக் கூடாதாம். "கிழக்குக் கடல்னு போடு, போதும்" என்பது அவர் உத்தரவு. போட்டுவிட்டேன்.

அவர் தொழில் குளத்துக்கரைக்குக் கல் பாவுவது. வாசுதேவநல்லூர், சிவகிரி, ராயகிரி பக்கத்துக் குளங்களில் அவர் கை படாத கரை குறைவு. கரையின் உள்சரிவில் கல்லைக் கையால் அடுக்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விழுகிற சந்தில் சில்லுக்கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். சந்து கிடந்தால் நண்டு வளை போடும், எலி குடியேறும், அந்த வழியாக மண் கரையும், ஒரு நாள் பெருமழையில் கரை உடைந்து கீழே உள்ள வயல் முழுக்க மணலாகும். அதனால் இந்த ஆட்களுக்குள் "ஒன் வேலையில சந்து கெடக்குவே" என்று சொன்னால் அது ஏச்சு. தாயைப் பழித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள்.

வேலை முடிகிற அன்று ஒரு வழக்கம் உண்டு. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோருமாகக் கரையில் இறங்குவார்கள். கல்லுக்கு நடுவே குத்திக்கொண்டே போவார்கள். எங்கே ஈர்க்கு உள்ளே போகிறதோ, அந்த இடத்தை வைத்த ஆள் அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். என் வீட்டுக்காரர் வாங்கித் தந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்தவன் வாங்கித் தந்த வடையைத் தின்றுவிட்டு வந்து, வீட்டில் ராத்திரிச் சோறு வேண்டாம் என்பார். எனக்கு எரிச்சல் வரும்.

நான் இங்கே சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பேசுவது கம்மி, அந்தக் குறையை நான் தீர்த்துவைப்பேன்.

கடலோரத்தில் நடந்தது இதுதான். மழைக்காலம் வந்தால் அலை மேட்டின் அடியைச் சுரண்டி எடுக்கிறது, மண் சரிகிறது, மேலே போகிற ரயில் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. அதனால் பாதையின் கடல் பக்கச் சரிவு முழுக்கக் கல் போட முடிவு செய்தார்கள். அடியில் பெரிய பாறைகளை இயந்திரம் வைத்துப் போட்டுவிடும். மேலே வருகிற நடுத்தரக் கல்லைப் பார்த்துப் பார்த்து வைக்க ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பார்த்த காண்டிராக்டர் ஒருவர் இவரைத் தேடி வந்து, ஆட்களோடு கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பொறுப்பில் இருந்த இன்ஜினியர் கடையநல்லூர்ப் பையன். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று இவருக்கு ஒரே சந்தோஷம். முதல் நாளே அந்தப் பையன் சொல்லியிருக்கிறான், கல்லுக்கு நடுவில் சந்து விட்டு வைக்க வேண்டும், அடைக்கக் கூடாது என்று. இவரும் தலையாட்டியிருக்கிறார். பையன் அடுத்த வேலையைப் பார்க்க வேறு ஊருக்குப் போனான். போனதும் இவர்கள் கூடிப் பேசினார்கள். படிச்ச பிள்ளைதான், ஆனால் கல் வேலை பழக்கமில்லை. சந்து விட்ட கரையைப் பெரிய ஆபீசர் வந்து பார்த்தால் பையனுக்கல்லவா கெட்ட பெயர்? பாவம், கல்யாணம் ஆக வேண்டியவன். ஆகவே பகல் வேலை முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், கூலியும் கேட்காமல், வெயில் தாழ இறங்கி, தங்கள் பங்குக்கு வந்த துண்டு முழுவதையும் சில்லு போட்டு இறுக்கினார்கள். ஈர்க்கு இறங்காத அளவுக்கு இறுக்கினார்கள்.

அன்றைக்குப் போனில் அவர் குரலில் அப்படி ஒரு நிறைவு. "கண்ணாடி கணக்கா இருக்குட்டி. நீ பாக்கணும்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி கழிந்து கடல் கொந்தளித்தது. கண்ணாடி போன்ற அந்தச் சரிவில் அலை சறுக்குப் பலகையில் ஏறுவது மாதிரி ஏறி நேரே தண்டவாளத்தில் போய் விழுந்திருக்கிறது. ஜல்லியை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மேலே விழுந்த தண்ணீர் கல்லுக்குப் பின்னால் மண்ணில் இறங்கி, வெளியே வர வழி இல்லாமல் நெம்பியதில், அவர்கள் வைத்த துண்டு அப்படியே பெயர்ந்துவிட்டது. வேறு ஆட்கள் சந்து விட்டு வைத்திருந்த பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளையாக ரயில் எதுவும் அப்போது வரவில்லை, யாருக்கும் அடி இல்லை. பாதையைச் சரிசெய்கிறவரை வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். விசாரிக்க வந்த பெரியவர்களிடம், "நான்தான் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்" என்று அந்தப் பையன் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். என் வீட்டுக்காரரை அடித்துப்போட்டது அதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வெறுங்கையோடு வந்தார். சுத்தியல் எங்கே என்றேன். "அங்கனேயே கெடக்கு" என்றார். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் பேசிவைத்தது போல "யானைக்கும் அடி சறுக்கும் அண்ணாச்சி" என்றார்கள். ஒருவர் இரண்டு தடவை சொன்னார். யானை விழுந்து கிடக்கிறபோது பக்கத்தில் நின்று பழமொழி சொல்கிறவர்களை என்ன செய்வது? காபி கொடுத்து அனுப்பினேன், சீனி கம்மியாகப் போட்டு.

கிறிஸ்துமஸுக்கு ஆராதனைக்கு வரவில்லை. புதுச் சட்டை கவர் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. ராயகிரியிலிருந்து விவசாயிகள் இரண்டு பேர் வந்து, குளத்துக்கரையில் ஒரு பக்கம் கல் சரிந்து கிடக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். "கைக்குச் சொகமில்ல, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் போகும்போது குளம் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடுகிற மனுஷனைச் சமாளிக்கலாம். கல்லைத் தொடாத மனுஷனை எனக்குத் தெரியாது. அப்படி ஒருவரோடு நான் ஒரு நாளும் குடித்தனம் பண்ணியதில்லை. இவர் திரும்பக் கல் எடுப்பாரா, மாட்டாரா என்பதைத் தவிர அந்த மாதங்களில் ஜெபத்தில் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

வெயில் காலம் ஆரம்பித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய மாம்பழம். என்னை "அக்கா" என்றான். இவர் எழுந்து நின்றுவிட்டார், உட்காரவே இல்லை.

"அந்தத் துண்டைத் திரும்ப வைக்கணும் அண்ணாச்சி. மழைக்கு முன்னால முடிக்கணும். நீங்க வரணும்."

"தம்பி, ஒங்களுக்குச் செஞ்சது போதாதா? நான் வந்தாலும் என் கை கேக்காது. சந்தைக் கண்டா அது தானா அடைக்கும். வேற ஆளக் கூட்டிக்கிடுங்க."

"வேற ஆளு கல்லைப் போடுவாங்க அண்ணாச்சி. வைக்க மாட்டாங்க. அலை ஆட்டினாலும் ஒரு கல்லு இன்னொண்ண விடாம பிடிச்சிட்டு நிக்கணும், நடுவுல வழியும் இருக்கணும். அதுக்கு ஒங்க கை வேணும்." பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு விளக்குகிற சாக்கில் அவருக்குச் சொன்னான். "கொளத்துத் தண்ணி உக்காந்திருக்க தண்ணி அக்கா. கடல் ஓடி வந்து முட்டுத தண்ணி. கதவைச் சாத்தினா ஒடச்சிட்டுத்தான் வரும். தொறந்து விட்டா உள்ள போயி, அங்கன இங்கன இடிச்சு, களைச்சுப் போயி திரும்பிரும்."

என் வீட்டுக்காரர் மாம்பழப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, இவுக வருவாக. எனக்கு மே மாசம் லீவு, நானும் வாரேன். இவுக கை சில்லுப் பக்கம் போனா நான் பாத்துக்கிடுதேன்."

"நீ எதுக்குட்டி?" என்றார்.

"முப்பது பிள்ளைய கைய வச்சிட்டுச் சும்மா இருக்க வைக்கேன். ஒங்க ரெண்டு கைய இருக்க வைக்க முடியாதா?"

பையன் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் மாம்பழத்தை நறுக்கப் போனேன்.

கடலை நான் பார்த்தது அப்போதுதான் என்று சொன்னால் மகள் சிரிப்பாள். சின்ன வயதில் மணப்பாட்டுக்கும் திருச்செந்தூருக்கும் போயிருக்கிறேன், காலை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது விருந்துக்குப் போய்ப் பார்ப்பது. கூடவே இருந்து பார்ப்பது வேறு. கடல் சும்மாவே இருக்காது. வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து, மண்ணெண்ணெய் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்த அடுப்படியில் காலையிலேயே சோறு பொங்கி வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு சரிவுக்கு மேலே போய் உட்காருவேன்.

பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவருடைய சுத்தியலை ஒருவர் சாக்கில் சுற்றி எண்ணெய் தடவி வைத்திருந்தார். கொடுத்தபோது இவர் வாங்கத் தயங்கினார். "பிடிங்கண்ணாச்சி, மதினி பாக்காக" என்றார் அந்த ஆள். நான் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் பெரிய பாடு. கல்லைத் தூக்குவார், திருப்புவார், எந்த முகம் எதோடு பொருந்தும் என்று பார்த்து உட்காரவைப்பார். அது வரைக்கும் சரி. வைத்த உடனே இடது கை தானாகக் கீழே போய் ஒரு சில்லைத் தேடும். கண் அந்தப் பக்கம் இருக்காது, கை மட்டும் போகும். நான் மேலேயிருந்து "ஏங்க!" என்று கத்துவேன். சுட்டது போலக் கையை எடுப்பார். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆளின் கை போகும். "ஏய், அங்கன யாரு?" என்பேன். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்களே, அங்கே ஒரு பண்ணை நிறையக் கோழி சீய்த்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, சில்லு எதுவும் கைக்கு எட்டாதபடி தட்டில் அள்ளி மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள்.

ஈர்க்கு வழக்கத்தையும் மாற்றினார்கள். இப்போது மூடிய கை சந்துக்குள் போக வேண்டும். போகவில்லை என்றால் வைத்தவர் டீ வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் தன் ஆயுளில் முதல்முறையாக எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆட்கள் ஆளுக்கு இரண்டு வடை கேட்டு வாங்கித் தின்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் ஆட்கள் போன பிறகு வைத்த சரிவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மனசு கூசுதுட்டி" என்றார். "இதுவும் ஒரு வேலையா? பல்லு போன வாயி மாதிரி அங்கங்க தொறந்து கெடக்கு. நம்ம ஊருக் கொளத்துல இப்படி வச்சா எங்கப்பா என்னை ஊருக்குள்ள விட்டிருக்க மாட்டாக."

சந்து ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் எங்கோ அலை வந்து போகிற காற்று குளிர்ச்சியாகக் கையில் பட்டது. "இங்க வச்சுப் பாருங்க" என்றேன். அவரும் கையை விட்டார். கல்லுக்குள்ளே அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. கல்யாணமான புதிதில்கூட வெட்டவெளியில் என் கையைப் பிடித்தவர் இல்லை. கல் மறைத்துக்கொண்டிருந்தது என்ற தைரியம்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது, நான் ஊருக்கு வந்தேன். வேலையை முடித்துவிட்டு அவரும் வந்தார். சுத்தியல் கூட வந்தது. ஆனால் அதை எடுத்து ஆணியில் மாட்டியதோடு சரி. ராயகிரிக்காரர்கள் மறுபடி வந்து கேட்டபோது, "மழை முடியட்டும்" என்றார். மழை முடியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டு நின்றால் இவரும் நிற்பார். அது இன்னொரு தடவை பெயர்ந்தால் இவர் கல்லைத் தொட மாட்டார், அவ்வளவுதான்.

மழை வந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்ததும் வீட்டில் சாப்பாடு அப்படியே மிஞ்ச ஆரம்பித்தது. கடல் சீற்றம் என்று அலையைக் காட்டுவான், இவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் கடையநல்லூர்ப் பையன் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். இவர் திறக்கவில்லை. என்னையும் திறக்கவிடவில்லை.

"என்னன்னுதான் பாப்பமே."

"வேண்டாம். அந்தப் பையன் கெட்டதைக் காட்ட மாட்டான். நல்லா இருக்க எடமாப் பாத்து எடுத்து அனுப்பியிருப்பான். அவன் கொணம் தெரியும்லா. நேர்ல போறேன்."

"நானும் வாரேன்."

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மதுரைக்குப் பஸ் ஏறினோம், அங்கிருந்து ரயில். அந்தப் பாதையில் இத்தனை நாள் வேலை செய்தும் அவர் அதன் மேல் ரயிலில் போனதே இல்லை. எப்போதும் பஸ்தான், லாரிதான். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. கூட்டம் நிறைந்த பெட்டி. எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே ஒரு அம்மா, மடியில் பையை அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பெஞ்சில் யாரோ புளியோதரைப் பொட்டலம் பிரித்தார்கள்.

மரங்கள் முடிந்து வெளிச்சம் திடீரென்று அதிகமானது. கடல் வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், மேடும் பள்ளமுமாக, கோபம் இன்னும் ஆறாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சத்தில் அந்தத் துண்டு வரும் என்று எனக்கே தெரிந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீ பாத்துச் சொல்லு" என்றார். "உள்ளதைச் சொல்லணும்."

பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது.

"வருதுங்க."

"ஏறுதா?"

அது கல்லில் மோதியது. வெள்ளையாக உடைந்தது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தனை சந்துக்குள்ளும் புகுந்து காணாமல் போனது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் கல்லுக்கு நடுவிலிருந்து நுரை நுரையாக வடிந்து, வந்த வழியே கடலுக்கு இறங்கியது.

"ஏறல. உள்ள போயிட்டு திரும்பிட்டுங்க."

"கல்லு?"

"இருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம் இருக்கு. வச்ச மாதிரியே இருக்கு. ஜல்லி மேல ஒரு சொட்டு ஏறல. சத்தியமாச் சொல்லுதேன்."

அடுத்த அலை வந்தது, அதுவும் போனது. ரயில் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். ஆனால் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பெட்டிக்குள் சுற்றிப் பார்த்தார். புளியோதரை கை மாறிக்கொண்டிருந்தது. ஒருத்தர் போனில் மச்சானை ஏசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த அம்மா அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார், தலை மட்டும் வண்டியோடு ஆடியது.

"ஏட்டி," என்றார் என் காதோரம். "ஒரு ஆளுகூட பயந்து எந்திரிச்சுப் பாக்கல, கண்டியா?"

கண்டேன் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். எதிரே தூங்குகிற அம்மா முழித்துவிடக் கூடாதென்று, சத்தம் வராமல் அழுதார்.